ஏலக்காய் உலர்த்த எந்தச் சூடு? வெயில், விறகு, கேஸ், கரண்ட்: ஓர் ஒப்பீட்டு அலசல்

ஆடி, ஆவணியில் கம்பம் பள்ளத்தாக்கில் காற்றும் வெயிலுமாக இருக்கும். அங்கிருந்து ஜீப் ஏறி, கேரள எல்லையில் இருக்கும் கம்பம்மெட்டைத் தாண்டினால் போதும், மழை பிடித்துக்கொள்ளும். ஏலக்காய் எடுப்பு சூடு பிடிப்பது சரியாக அந்த மழைக்காலத்தில்தான். வண்டன்மேடு, நெடுங்கண்டம், பூப்பாறை பக்கம் தோட்டம் வைத்திருக்கும் நம்மாட்கள் எல்லோருக்கும் வருஷா வருஷம் வரும் கேள்வி ஒன்று உண்டு: பறித்த காயை எந்தச் சூட்டில் உலர்த்துவது? விறகா, கேஸா, கரண்டா? "காசில்லாமல் வெயில் கிடக்கிறது, அதை ஏன் விடுகிறீர்கள்?" என்று கீழே ஊரில் இருப்பவர்கள் கேட்பார்கள்.

பள்ளிக்கூடப் பாடத்தில் வெப்பத்தை இயற்கை, செயற்கை என்று இரண்டாகப் பிரித்துச் சொல்லித்தருவார்கள். சூரியன், பூமிக்குள் இருக்கும் சூடு ஒரு பக்கம். அடுப்பு, ஹீட்டர் இன்னொரு பக்கம். தேர்வுக்கு அது போதும். காய் உலர்த்தும் ஸ்டோருக்குள் அந்தப் பிரிவினையால் ஒரு பயனும் இல்லை. அங்கே கேட்க வேண்டியது, ஐம்பது டிகிரி என்றால் ஐம்பதிலேயே ஒரு ராத்திரி முழுக்க நிற்குமா, நிற்காதா என்பதுதான்.

ஏன் ஐம்பது? பச்சைக்காயில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். அது பத்து, பன்னிரண்டு சதவீதத்துக்கு இறங்க வேண்டும். 45 முதல் 55 டிகிரிக்குள் வைத்தால் ஏறக்குறைய ஒரு இரவும் ஒரு பகலும் பிடிக்கும். அதற்குக் கீழே போனால் காய் வேர்த்து, நிறம் மங்கி, பூசணம் பிடிக்கும். மேலே போனால் தோல் வெடிக்கும், வாசனை எண்ணெய் பறந்துவிடும். புற்றடியிலோ போடியிலோ ஏல மையத்தில் வியாபாரி முதலில் பார்ப்பது பச்சை நிறத்தையும் பருமனையும்தான். நிறம் போன காய்க்கு என்ன கதை சொன்னாலும் விலை வராது.

வெயில்

வெயிலிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் எல்லோருக்கும் அதில்தான் ஆசை. நம் பக்கத்தில் நல்ல வெயில் நாளில் ஒரு சதுர மீட்டர் தரையில் சுமார் 5 யூனிட் அளவுக்குச் சூரிய சக்தி விழுகிறது. ஒரு யூனிட் என்பது கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட். ஒரு பாய் விரிக்கும் இடத்தில் ஒரு நாளைக்கு அவ்வளவு வருகிறது என்றால் சும்மா இல்லை.

ஆனால் ஏலக்காய்க்கு அது ஆகாது. பச்சை நிறத்தைத் தரும் பச்சையம் நேர் வெளிச்சத்தில் சிதைந்துவிடும். நாலைந்து நாள் பாயில் கிடந்த காய் வெளிறி, வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். இரவில் பனியைக் குடித்து, பகலில் காய்ந்து, மறுபடி குடித்து, தோலும் பிளந்து நிற்கும். அப்புறம் பெரிய தடங்கல் வேறு இருக்கிறது: எடுப்புக் காலமும் மழைக்காலமும் ஒன்று. ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை செப்டம்பர் வரை. அது ஓய்ந்ததும் ஐப்பசி, கார்த்திகை மழை. காய் வருவதோ ஜூலை, ஆகஸ்டில் தொடங்கி ஜனவரி, பிப்ரவரி வரை. காய் அதிகமாக இருக்கும் மாதங்களில் வெயில் இல்லை. நல்ல வெயில் வரும் மாசியில் காய் முடிந்துவிடும்.

"சரி, காயைக் கீழே கம்பத்துக்கு இறக்கி உலர்த்தலாமே?" என்று ஒருவர் கேட்டார். இறக்கலாம்தான். நூறு கிலோ பச்சைக்காயை ஜீப்பில் ஏற்றினால் அதில் எண்பது கிலோ தண்ணீர். தண்ணீருக்கு வண்டி வாடகை கொடுத்துக் கொண்டைஊசி வளைவுகளில் இறக்கி, வெயிலில் போட்டு நிறத்தையும் தொலைப்பதற்குப் பேசாமல் மலையிலேயே விறகு வாங்கலாம்.

சோலார் டிரையர் என்ற கண்ணாடிப் பெட்டி ஏற்பாடு இதைவிடப் பரவாயில்லை. அதில் வெயில் காற்றைத்தான் சுட வைக்கும். சுட்ட காற்று இருட்டறையில் இருக்கும் தட்டுகளுக்குப் போகும். காய்மேல் வெளிச்சம் படாததால் நிறம் தப்பும். கணக்குப் பார்த்தால்தான் வலிக்கிறது. நூறு கிலோ பச்சைக்காய்க்கு ஏறக்குறைய 40 சதுர மீட்டர் கண்ணாடி வேண்டும், அதுவும் நல்ல வெயில் அடித்தால். ஆவணி மழையில் அந்தக் கண்ணாடி சும்மா நனைந்துகொண்டு நிற்கும். அடுப்புக்குள் போகும் காற்றை முன்கூட்டியே கொஞ்சம் சுட வைத்து விறகை மிச்சம் பிடிக்கத் துணையாக வைத்துக்கொள்ளலாம். அதை மட்டும் நம்பி ஸ்டோர் கட்டக் கூடாது.

பூமிக்குள் இருக்கும் சூட்டையும் ஒரு வரியில் சொல்லி நகர்வோம். மணிகரண் போன்ற இமயமலை ஊர்களில் வெந்நீர் ஊற்று இருக்கிறது, அரிசியே வேகவைக்கிறார்கள். நம் மலையில் ஊற்றெல்லாம் ஜில்லென்றுதான் வரும்.

எல்லாவற்றையும் ஒரே தராசில்

விறகைக் கிலோவிலும் கேஸை சிலிண்டரிலும் கரண்டை யூனிட்டிலும் பேசினால் கடைசி வரை சண்டைதான். எல்லாவற்றையும் யூனிட்டுக்கு மாற்றிவிடலாம். நன்றாகக் காய்ந்த விறகு ஒரு கிலோவில் சுமார் 4 யூனிட் சூடு இருக்கிறது. சமையல் கேஸ் ஒரு கிலோவில் சுமார் 12.8 யூனிட். கரண்ட் ஒரு யூனிட் என்றால் ஒரு யூனிட்தான்.

நூறு கிலோ பச்சைக்காயிலிருந்து எண்பது கிலோ தண்ணீரை ஆவியாக்க, துளிகூட வீணாகாமல் செய்தால், 53 யூனிட் வேண்டும். இது தண்ணீரின் குணம். எந்தக் கம்பெனி டிரையர் வாங்கினாலும், சாதாரணமாகச் சூடுபடுத்தி ஆவியை வெளியே விடும் முறையில் இதற்குக் கீழே போக முடியாது. ஆனால் வீணாகாமல் செய்வது யாருக்கும் முடியாத காரியம். புகைபோக்கி வழியாக, சுவர் வழியாக, திறந்த கதவு வழியாகச் சூடு போய்க்கொண்டேதான் இருக்கும். எவ்வளவு போகிறது என்பதில்தான் இந்த நாலு பேருக்கும் வித்தியாசம்.

விறகு

மலையில் இன்றும் விறகு ஸ்டோர்கள்தான் கண்ணில் அதிகம் படுகின்றன. அமைப்பு எளிமை. அடுப்பு கட்டடத்துக்கு வெளியே இருக்கும். அதன் நெருப்பும் புகையும் பெரிய இரும்புக் குழாயில் புகுந்து, தட்டுகளுக்கு அடியில் அறையைச் சுற்றி வந்து, மறுபக்கம் புகைபோக்கியில் ஏறும். குழாயின் சூடுதான் அறைக்கு வேண்டும். புகை உள்ளே வரவே கூடாது.

குழாயின் இணைப்புகள் வருஷத்துக்கு வருஷம் விரியும். கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்று போதும், இருநூறு கிலோ காயிலும் புகை வாசம் ஏறிவிடும். அப்புறம் எதைப் போட்டுக் கழுவினாலும் போகாது. எடுப்பு தொடங்கும் முன் இதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. தட்டுகளைக் காலியாக வைத்து, அடுப்பில் பச்சை இலைகளைப் போட்டுப் புகையைக் கிளப்பிவிட்டு, டார்ச் லைட்டோடு அறைக்குள் பாருங்கள். எந்த இணைப்பிலிருந்து நூலாகப் புகை எழும்புகிறதோ, அங்கே வெல்டிங் வேலை இருக்கிறது. புகை தெரிந்ததும் கதவைத் திறந்து வெளியே வந்துவிட வேண்டும், உள்ளே நின்று ஆராய்ச்சி செய்யக் கூடாது. இதைச் செய்யாமல் புதுத் தட்டு, புது ஃபேன் என்று செலவழிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

விறகின் அடுத்த தொல்லை ஈரம். காய்ந்த விறகில் கிலோவுக்கு 4 யூனிட் என்றேன். பாதி எடை தண்ணீராக இருக்கும் பச்சை விறகில் உருப்படியாகக் கிடைப்பது இரண்டு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல்தான். மீதி, விறகில் இருக்கும் தண்ணீரையே ஆவியாக்கப் போய்விடும். அதாவது காயின் தண்ணீரை விரட்ட வாங்கிய விறகு தன் தண்ணீரை விரட்டிவிட்டு ஓய்ந்துபோகிறது. மே மாதம் நிழல் மரங்களைக் கவாத்து செய்யும்போது விழும் கிளைகளை அப்போதே வெட்டி, மழை படாத கொட்டகையில் காற்றோட்டமாக அடுக்கிவைப்பவருக்கு அந்த சீசன் விறகில் ஏறக்குறைய பாதி மிச்சம். மழையில் நனைந்த லோடை அவசரத்துக்கு வாங்குபவர் கிலோ விலை குறைவு என்று சந்தோஷப்படுவார்; உண்மையில் கூடுதலாகத்தான் கொடுத்திருப்பார்.

விறகு எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். மிளகுக் கொடி ஏற்றியிருக்கும் சில்வர் ஓக் கிளைகள், கீழ்நாட்டிலிருந்து வரும் ரப்பர் மரம், தோட்டத்துக் கவாத்துக் கழிவு எல்லாம் சரி. ஏலமலையில் நிழல் மரத்தை நினைத்தபடி வெட்டிவிட முடியாது, சட்டமும் வனத்துறையும் இருக்கின்றன. சட்டம் இல்லாவிட்டாலும் அது முட்டாள்தனம். ஏலச்செடி நிழலில் வாழும் செடி. காயை உலர்த்த நிழலை வெட்டினால் அடுத்த வருஷம் உலர்த்தக் காயே இருக்காது.

எல்லாவற்றையும்விட விறகின் பலவீனம் ராத்திரி இரண்டு மணி. அடுப்பு பார்ப்பவர் பகலெல்லாம் தோட்டத்தில் வேலை பார்த்த மனிதர், கொஞ்சம் கண் அசந்துவிடுவார். நெருப்பு இறங்கி அறை 38 டிகிரிக்கு வரும். விழித்ததும் பயந்துபோய் நாலு கட்டையைச் சேர்த்துத் தள்ளுவார். அரை மணியில் 62. காய் இரண்டு பக்கமும் அடி வாங்கும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, மனிதன், சூட்டைத் தானாக ஒரே அளவில் நிறுத்தும் தெர்மோஸ்டாட் இல்லை. குழாய்க்குப் பின்னால் ஒரு ஃபேனும், சூடு கூடினால் வெளிக்காற்றைத் திறந்துவிடும் ஒரு கதவும் வைத்த ஸ்டோர்களில் இந்த ஏற்ற இறக்கம் வெகுவாகக் குறைகிறது.

சூட்டில் எவ்வளவு காய்க்குப் போய்ச் சேருகிறது? நல்ல விறகு ஸ்டோரில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் நூறு கிலோ பச்சைக்காய்க்கு 65 கிலோவுக்குக் கொஞ்சம் மேல் காய்ந்த விறகு.

கேஸ்

கேஸில் இரண்டு வகை. பர்னரின் சூட்டைக் குழாய்க்குள் அடைத்து, அதைத் தாண்டி வரும் சுத்தக் காற்றை மட்டும் காய்க்கு அனுப்புவது ஒன்று. பர்னர் எரியும் காற்றை அப்படியே ஃபேன் வைத்து உள்ளே தள்ளுவது இன்னொன்று. இரண்டாவதில் சூடு வீணாவது குறைவு. ஆனால் பலர் யோசிக்காத விஷயம் ஒன்று உண்டு: கேஸ் எரிந்தால் தண்ணீரும் பிறக்கும். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கு மேல் நீராவி. உலர்த்தும் அறைக்குள் நாமே ஈரத்தை அனுப்புகிறோம். காற்றை வெளியேற்றும் ஃபேன் சரியாக இருந்தால் பெரிய பாதகமில்லை. ஃபேன் சின்னதாக இருந்தால் காய் முதல் ஆறு மணி நேரம் ஆவியில் வெந்துகொண்டிருக்கும்.

பாதி சூடு காய்க்குப் போகிறது என்று வைத்தால் நூறு கிலோவுக்கு 8 கிலோவுக்குக் கொஞ்சம் மேல் கேஸ் போதும். தெர்மோஸ்டாட் 50-இல் வைத்துவிட்டுத் தூங்கப் போகலாம். இந்த ஒன்றுக்காகவே நிறைய பேர் கேஸுக்கு மாறுகிறார்கள், நியாயம்தான். ஒரு ஆள் ராச்சம்பளம் மிச்சம். புகை வாசம் என்ற பயமும் இல்லை.

பிரச்சினை சிலிண்டரில் இருக்கிறது. உள்ளே திரவமாக இருக்கும் கேஸ் ஆவியாகும்போது சிலிண்டரின் சூட்டையே உறிஞ்சிக்கொள்ளும். மலையில் ராத்திரிக் குளிரில் ஒரே சிலிண்டரிலிருந்து வேகமாக இழுத்தால் அடிப்பாகம் வேர்த்து, சில நேரம் வெள்ளையாகப் பனி படிந்துவிடும். அழுத்தம் இறங்கும், தீ சுருங்கும், உள்ளே கேஸ் இருந்தும் தீர்ந்த மாதிரி இருக்கும். தீர்வு, இரண்டு மூன்று சிலிண்டரைச் சேர்த்து இணைத்து ஒவ்வொன்றிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பது. அடியில் நெருப்பு காட்டுகிற வேலையை யாரும் செய்துவிட வேண்டாம். கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு படர்ந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் சிலிண்டர் ஸ்டோருக்கு வெளியே, திறந்த இடத்தில் இருக்க வேண்டும். வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சிவப்பு சிலிண்டரைத் தொழிலுக்கு மாட்டுவது சட்டப்படி தப்பு. 19 கிலோ வணிக சிலிண்டர்தான் கணக்கு, விலைக் கணக்கையும் அதை வைத்துத்தான் போட வேண்டும்.

கரண்ட்

கம்பிச் சுருள் ஹீட்டரும் ஃபேனும் வைத்த டிரையரில் நூறு கிலோவுக்கு 85, 90 யூனிட் போகும். சுத்தமான சூடு, சொன்ன டிகிரியில் நிற்கும். ஆனால் கரண்டைக் கம்பியில் ஓடவிட்டுச் சூடாக்குவது மனதுக்கு ஒப்பவில்லை. கேரளா தனக்கு வேண்டிய மின்சாரத்தில் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்குகிறது, அதில் நிலக்கரி மின்சாரமும் சேர்த்தி. நிலக்கரியை எரித்து அதன் சூட்டில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் கரண்டாக்கி, கம்பி வழியாக மலைக்குக் கொண்டுவந்து, மறுபடி சூடாக்குவது சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. இடுக்கி அணையின் தண்ணீர் மூலமற்றத்தில் 780 மெகாவாட் நிலையத்தை ஓட்டுகிறது என்பது வேறு கதை. அந்தப் பக்கம் அது, இந்தப் பக்கம் பெரியாற்றுத் தண்ணீரில் லோயர் கேம்ப் மின்நிலையம். வெயிலை மறைத்து நம் காயைக் கெடுக்கும் அதே மழைதான் கரண்டாகவும் வருகிறது.

மழை பெய்தால் கரண்ட் பிறக்கும், அதே மழையில் மரம் சாய்ந்து லைன் அறும். ஸ்டோரில் காய் பாதி உலர்ந்து நிற்கும்போது எட்டு மணி நேரம் கரண்ட் போனால் என்ன ஆகும் என்று மலையில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. த்ரீ பேஸ் இணைப்பு இல்லாத வீட்டுக்காரர் பெரிய ஹீட்டரைப் பற்றி யோசிக்கவும் வேண்டாம்.

இதே கரண்டில் ஓடும் ஹீட் பம்ப் டிரையர் வேறு ஜாதி. ஃபிரிட்ஜ் வேலை செய்யும் தத்துவம்தான் இதிலும். காயிலிருந்து கிளம்பிய ஈரக் காற்றை வெளியே விடாமல் குளிர்ந்த சுருளில் மோதவிட்டு, தண்ணீரை வடித்து எடுக்கிறது. ஆவி தண்ணீராக மாறும்போது அது கொண்டுபோன சூட்டைத் திருப்பித் தரும் அல்லவா? அதையே பிடித்து, காற்றை மறுபடி 50 டிகிரிக்குச் சுட வைத்து உள்ளே அனுப்புகிறது. நூறு கிலோவுக்கு ஏறக்குறைய 30 யூனிட்டில் வேலை முடியும். மேலே சொன்ன 53-க்கும் கீழே போக முடிவது இதில் மட்டும்தான், ஏனென்றால் மற்றவர்கள் தூக்கி எறியும் ஆவியின் சூட்டை இது திரும்ப வாங்கிக்கொள்கிறது. வெளியே மழையா, பனியா என்ற கவலையும் இல்லை, காற்று உள்ளேயே சுற்றுகிறது.

குறை இரண்டு. முதல் செலவு கையைக் கடிக்கும். அடுத்து, கம்ப்ரசர் மக்கர் பண்ணினால் விறகு அடுப்பைப் போலப் பக்கத்து வீட்டுக் கொத்தனாரைக் கூப்பிட்டுச் சரிசெய்ய முடியாது. கட்டப்பனையிலிருந்தோ தேனியிலிருந்தோ மெக்கானிக் வரும் வரை காய் காத்திருக்காது. பறித்த காயை ஒரு நாளுக்கு மேல் குவியலாக வைத்தால் உள்ளே சூடேறிக் கெட்டுவிடும்.

அப்போது எது கட்டுபடியாகும்?

ஆளாளுக்கு ஊரில் விலை வேறு. பேச்சுக்கு விறகு கிலோ 6 ரூபாய், கேஸ் கிலோ 95, கரண்ட் யூனிட் 8 என்று வைப்போம். உங்கள் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். நூறு கிலோ பச்சைக்காய்க்கு விறகு 400, கேஸ் 790, கம்பி ஹீட்டர் 700, ஹீட் பம்ப் 240 ரூபாய். கையில் வருவது இருபது கிலோ உலர்ந்த காய். ஆக, கிலோவுக்கு விறகில் 20, கேஸில் 40, கம்பி ஹீட்டரில் 35, ஹீட் பம்பில் 12.

விறகுக்கும் கேஸுக்கும் வித்தியாசம் கிலோவுக்கு 20 ரூபாய். விறகில் ராத்திரிச் சம்பளத்தைச் சேர்த்தால் அதுவும் சுருங்கிவிடும். ஆயிரக்கணக்கில் விலை போகும் காய்க்கு இந்த இருபது ரூபாயை வைத்துக்கொண்டு பட்டிமன்றம் நடத்துகிறோம். நிறம் ஒரு பிடி மங்கினால், பத்தில் ஒரு காய் வெடித்தால் போகும் காசு இதைவிடப் பல மடங்கு. அதனால் எரிபொருளின் விலை எனக்கு இரண்டாவது கேள்விதான்.

என்னிடம் கேட்டால், நடுத்தரத் தோட்டக்காரருக்கு ஒற்றைச் சூட்டை நம்ப வேண்டாம் என்பேன். உலர்த்தும் நேரத்தை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதல் பாதியில் காய் நிறைய தண்ணீரை விட்டுக்கொண்டிருக்கும். ஆவியாகும் தண்ணீரே காயைக் குளிர்விக்கும். அறை 55 காட்டினாலும் காய் அந்தச் சூட்டுக்கு ஏறாது. அந்த நேரத்துக்கு நிறைய சூடும் நிறைய காற்றும் வேண்டும், அளவு கொஞ்சம் முன்பின் இருந்தாலும் காய் பொறுத்துக்கொள்ளும். விறகுக்கு ஏற்ற வேலை அது. பகலில் ஏற்றி, ஆவி வெளியேறும் கதவுகளை முழுக்கத் திறந்துவிட்டு, ஆள் விழித்திருக்கும்போதே முடித்துவிடலாம். அந்தக் கதவுகளை மூடிவைத்துச் சூட்டை மிச்சம் பிடிக்க நினைத்தால்தான் காய் ஈரச்சூட்டில் பழுப்பேறும்.

இரண்டாம் பாதியில் தண்ணீர் குறைந்துவிடும், குளிர்விக்க ஒன்றும் இல்லை. அறையின் சூடு அப்படியே காயின் சூடு. வெடிப்பதும் எண்ணெய் போவதும் இங்கேதான். இந்த நேரத்துக்கு வேண்டியது குறைந்த சூடு, ஆனால் அசையாத சூடு. அது சரியாக ராத்திரியில் வருகிறது, தெர்மோஸ்டாட் வைத்த ஒரு சின்ன கேஸ் பர்னர் போதும். கேஸ் செலவு மொத்தத்தில் கால்வாசிதான் வரும், ஆளும் தூங்கலாம். விறகு ஸ்டோர் ஏற்கெனவே இருப்பவர்கள் அதை இடித்துப் புதிதாகக் கட்டுவதற்கு முன் இதை யோசிக்கலாம்.

பெரிய தோட்டக்காரர், சீசன் முழுக்க டிரையர் ஓடும் என்றால், ஹீட் பம்ப் வாங்கட்டும். ஓட ஓடத்தான் அது போட்ட முதலைத் திருப்பித் தரும். ஜெனரேட்டரும் கூடவே வேண்டும்.

அரை ஏக்கர், ஒரு ஏக்கர்காரர் எதையும் வாங்க வேண்டாம். ஒரு எடுப்புக்கும் அடுத்ததற்கும் மாதம், ஒன்றரை மாதம் இடைவெளி. வருஷத்தில் சில நாள் மட்டும் ஓடும் மெஷினுக்குக் கடன் வாங்குவது வேண்டாத வேலை. தட்டுகள் பாதி காலியாக இருந்தாலும் அறையைச் சுட வைக்கும் செலவு ஏறக்குறைய அதேதான். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி உலர்த்தித் தரும் ஸ்டோரில் கொடுத்துவிடலாம். "அண்ணே, என் காயைத் தனித் தட்டுல போடுங்க" என்று சொல்லிவிட்டு, மறுநாள் அள்ளும் நேரத்துக்குப் போய் நில்லுங்கள். ஒரு பிடி எடுத்துக் காதருகே குலுக்கினால் உள்ளே விதை கலகலக்க வேண்டும். சூடு ஆறுவதற்கு முன் கம்பி வலையில் தேய்த்தால் காம்பு தானாக உதிர வேண்டும். உதிராமல் வளைந்தால் ஈரம் இருக்கிறது, இன்னும் இரண்டு மணி நேரம் வைக்கச் சொல்லலாம்.

வெயில் ஜெயிக்கும் இடங்கள்

ஏலக்காயில் தோற்ற வெயில் அதே தோட்டத்தில் மிளகுக்கு ராஜா. மிளகு பறிப்பது மார்கழி, தை, மாசியில். வானம் தெளிவாக இருக்கும். மிளகுக்குக் கறுப்பாக வேண்டும், நிறம் போகும் கவலையே இல்லை. கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்துப் பாயில் விரித்தால் சீக்கிரம் கறுத்து, மூன்று நாலு வெயிலில் சரக்கு தயார். காப்பிக்கொட்டையும் அப்படித்தான், நாள் மட்டும் கூடுதல். இவற்றுக்கு கேஸ் டிரையர் விற்க வருபவரிடம் டீ கொடுத்து அனுப்பிவிடலாம். மறையூர்ப் பக்கம் கரும்புக்காரர்களுக்கு இந்தக் கவலையே கிடையாது. பாகு காய்ச்ச வேண்டிய எரிபொருளைக் கரும்பே சக்கையாகத் தந்துவிடுகிறது. பிழிந்த சக்கையைக் காயவைத்து அடுப்பில் தள்ளினால் ஆயிற்று. 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய மறையூர் வெல்லம் கரும்புச் சக்கைச் சூட்டில்தான் காய்கிறது.

வீட்டு வெந்நீருக்கு என்ன என்று கேட்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். நூறு லிட்டரை 25 டிகிரி ஏற்ற 3 யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. கரண்ட் கீசரில் அவ்வளவும் பில்லில் வரும். கேஸில் கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். விறகு பாய்லரில் மூன்று கிலோ, தோட்டத்துச் சுள்ளி என்றால் செலவே இல்லை. மாடியில் இரண்டு சதுர மீட்டர் சோலார் ஹீட்டர் வைத்தால் வெயில் மாதங்களில் இலவசம், ஆடி, ஆவணியில் கரண்ட் துணை வேண்டும். மலைக்காரர்களுக்கு நான் விறகு பாய்லரோடு சோலாரைச் சேர்த்துத்தான் சொல்வேன்.

கேஸ் கீசரைக் குளியலறைக்குள் மாட்டாதீர்கள். குளிர் என்று ஜன்னலைச் சாத்திக் குளிக்கும்போது எரியும் தீ ஆக்சிஜனைத் தின்றுவிட்டு, வாசனையும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்சைடை விடும். ஆள் மயங்குவது அவருக்கே தெரியாது. தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் ராத்திரிக் குளிருக்குக் கரிச்சட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துவதும் இதே ஆபத்துதான். கீசர் வெளிச்சுவரில் இருக்கட்டும், தண்ணீர்க் குழாய் மட்டும் உள்ளே வரட்டும். மாட்ட வருபவர் "உள்ளேயே வச்சா பைப் மிச்சம்ணே" என்பார். இரண்டு மீட்டர் பைப்புக்கான காசைக் கூடுதலாகக் கொடுத்து வெளியே மாட்டச் சொல்லுங்கள்.